ஐசியுவுக்குள் பொழுது விடிய வேண்டும்

வேலூரில் எந்தப் பெரிய மருத்துவமனையானாலும் சரி, ஐசியுவுக்கு வெளியே உள்ள நாற்காலி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசினாரு, இன்னைக்கு என்னையே யாருன்னு கேக்குறாரு." "மூக்கு ட்யூபைப் பிடுங்கிப் போட்டுட்டாராம்." "சுவத்துல பூச்சி ஊருது, தட்டி விடுன்னு சொல்லுது எங்கம்மா." படுக்கையில் கிடக்கும் பெரியவர், தான் காட்பாடி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருப்பதாக அடித்துச் சொல்வார். கேட்கும் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். நெஞ்சு வலி என்றோ காய்ச்சல் என்றோ சேர்த்தோம், இப்போது புத்தி பேதலித்துவிட்டதே என்று கலங்கிப் போவார்கள். ஊரிலிருந்து பார்க்க வந்த யாராவது காத்து கருப்பு என்பார்கள். மந்திரித்த கயிறும் வந்து சேரும்.

அந்தக் கலக்கத்தில் இருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே நடப்பது என்ன, அதில் தூக்கத்துக்கும் வெளிச்சத்துக்கும் என்ன பங்கு, வீட்டாரால் என்ன செய்ய முடியும் என்பதை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

மூளை திணறும்போது

இந்த நிலைக்கு டெலிரியம் என்று பெயர். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று மூளையின் வேலை தடுமாறுகிறது. கடுமையான நோயில் சிறுநீரகம் திணறலாம், நுரையீரல் திணறலாம். மூளையும் அப்படித்தான் திணறுகிறது. முதலில் போவது கவனம். சொன்னதைத் தொடர்ந்து கேட்க முடியாது, ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க முடியாது. பிறகு இடமும் நேரமும் ஆளும் குழம்பும். இல்லாதது தெரியும், சொல்லாதது கேட்கும். இன்னொரு அடையாளம், இது ஏறி இறங்கும். காலையில் பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் ராத்திரி மகனையே விரட்டுவார். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் அப்படியில்லை, நேற்று இல்லாமல் இன்று வரும். பெரும்பாலும் அடிப்படை நோய் தணியும்போது இதுவும் தணியும்.

இது அரிதானதும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஐசியு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெலிரியம் வருகிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் இன்னும் அதிகம், சில ஆய்வுகளில் 80 சதவீதம் வரை.

ட்யூபைப் பிடுங்குவதும் கத்துவதும் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் அதிகம் காணப்படுவது அடங்கிப் போகும் வகை. நோயாளி கண்ணை மூடியபடி கிடப்பார், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார், ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கிவிடுவார். பார்க்கும் வீட்டார், "பாவம், அசதி, தூங்கட்டும்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். தொந்தரவே தராத இந்த நோயாளியைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலியின் குழு 2001-ல் வெளியிட்டது. வாயில் குழாய் இருந்து பேச முடியாதவர்களுக்கும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். 'ஏ' வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். இரண்டு தடவைக்கு மேல் தப்பினால் கவனம் சிதறியிருக்கிறது என்று அர்த்தம். தேவைப்பட்டால் அப்புறம் சின்னச் சின்னக் கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ இரண்டு கிலோவைவிடக் கனமா? உங்கள் அப்பாவிடம் இப்படிக் கேட்பதைப் பார்த்தால், என்ன இது சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல என்று வருத்தப்பட வேண்டாம். காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் பார்க்கிற மாதிரி மூளையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்கிறார்கள்.

எதனால் வருகிறது? ஒரே காரணம் என்று எதையும் கை காட்ட முடியாது. ரத்தத்தில் பரவிய தொற்று, குறைந்த ஆக்சிஜன், சோடியம் ஏறி இறங்குவது, வலி, மலச்சிக்கல், நாள் கணக்கில் அசையாமல் கிடப்பது, எல்லாம் சேரும். வயது கூடக்கூட அபாயமும் கூடும். சில மருந்துகளே தூண்டும். மிடசோலம், லோராசெபாம் போன்ற மயக்க மருந்துகள் இதில் பேர்போனவை. நம் பகுதிக்கே உரிய ஓர் உதாரணம் உண்டு. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு அட்ரோபின் கொடுக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதுவே அளவு ஏறும்போது நோயாளியைப் பிதற்ற வைக்கும், காற்றில் எதையோ பிடிக்க வைக்கும். கண்மணியையும் அது விரித்துவிடுவதால் சாதாரண விளக்கே கூசும். அந்த நேரத்தில் அவர் பேசுவதை வைத்து, "மனசுல இருந்ததைத்தான் சொல்றான்" என்று குடும்பத்தில் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பேசுவது மருந்து.

குடிப்பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தினமும் குடித்து வந்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி நின்றுவிடுகிறது. இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, குழப்பம் வரலாம். அதற்குச் சிகிச்சையே வேறு. சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதற்காக டாக்டரிடம் மறைத்தால் கெடுதல் நோயாளிக்குத்தான். தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிடுங்கள்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

இந்தக் காரணங்களோடு சத்தமில்லாமல் வந்து சேரும் இன்னொன்று, பகலும் இரவும் தொலைந்து போவது. அது புரிய வேண்டுமானால் முதலில் உடம்பின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1729-ல் மெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனையே பார்க்காவிட்டாலும் பகல் நேரத்தில் இலைகள் விரிந்தன, இரவு நேரத்தில் மூடின. செடிக்குள்ளேயே ஒரு நேரக் கணக்கு ஓடுகிறது. நமக்கும் அப்படித்தான். மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. தூக்கம், விழிப்பு, உடம்புச் சூடு, ஹார்மோன்கள், பசி எல்லாவற்றுக்கும் தாளம் போடுவது அதுதான். விடிவதற்கு முன்னால் உடம்புச் சூடு குறைந்திருப்பதும், காலையில் கார்ட்டிசால் ஏறி நம்மை எழுப்புவதும், இருட்டியபின் மெலடோனின் சுரந்து தூக்கத்துக்குத் தயார் செய்வதும் இதன் ஏற்பாடு. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். பழைய சுவர்க்கடிகாரத்துக்கு தினமும் முள்ளைத் திருப்பி வைப்பது போல, இதையும் தினமும் சரி செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்குப் பயன்படும் செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி வகை செல்கள் இருக்கின்றன. நீல நிற ஒளிக்கு அவை நன்றாகத் துடிக்கும். வெளிச்சம் எவ்வளவு என்ற கணக்கை அவை நேராகக் கடிகாரத்துக்கு அனுப்பிவிடுகின்றன. காலையில் நல்ல வெளிச்சம் பட்டால் கடிகாரம் இது பகல் என்று பதிந்துகொள்ளும். இரவில் பட்டால் மெலடோனின் சுரப்பு அடங்கும், கடிகாரம் தள்ளிப் போகும்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வேலூரின் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வேப்பமர நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். ட்யூப் லைட் போட்ட அறை பிரகாசமாகத்தான் தோன்றுகிறது, அளந்தால் சில நூறு லக்ஸ். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் கடிகாரம் இந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது.

பகலும் இல்லாத, இரவும் இல்லாத அறை

இப்போது ஐசியுவுக்குள் வருவோம். பகலில் நோயாளியின் முகத்தருகே அளந்தால் சில நூறு லக்ஸைத் தாண்டாத ஐசியுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. இரவில் விளக்கு முழுதாக அணைவதில்லை. பக்கத்துக் கட்டிலில் அவசரம் என்றால் எல்லா விளக்கும் எரியும். ஆக, பகல் மங்கலான பகல், இரவு வெளிச்சமான இரவு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கிவிடுகிறது.

வெளிச்சம் இருந்தாலும் அது கண்ணுக்குள் போக வேண்டுமே. மயக்க மருந்தில் இருப்பவரின் இமை மூடியிருக்கிறது, சில சமயம் கண் காயாமல் இருக்க மருந்து தடவி ஒட்டியும் வைத்திருப்பார்கள். மூடிய இமை சிவப்பு ஒளியை ஓரளவு விடும், கடிகாரத்துக்கு வேண்டிய நீல ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வயதானவர்களுக்குக் கண்புரை வேறு. மஞ்சளித்த லென்ஸும் நீல ஒளியைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதற்கு மேல் சத்தம். மருத்துவமனை அறைகளில் இரவில் 30 டெசிபெல் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஐசியுக்களில் 50, 60 டெசிபெல் சர்வ சாதாரணம். மானிட்டர் அலாரம், வென்டிலேட்டர், போன், டிராலிச் சக்கரம், ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் பேச்சு, எல்லாம் கலந்து வரும். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது சத்தம் மட்டும் என்று நினைத்தால் அது பாதிதான் சரி. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐசியு நோயாளி ஒருவரை ஓர் இரவில் சராசரியாக 40 தடவைக்கு மேல் யாராவது வந்து தொட்டிருக்கிறார்கள்: ரத்தம் எடுக்க, பிபி பார்க்க, திருப்பிப் படுக்க வைக்க, சளி உறிஞ்ச, மருந்து கொடுக்க. பல வார்டுகளில் உடம்பு துடைத்து விடுவதும் பின்னிரவில்தான் நடக்கிறது, காலை ரவுண்ட்ஸுக்குள் முடிக்க வேண்டும் என்பதால். நர்ஸ்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு வேலையும் அவசியம்தான். எந்த வேலையை எந்த நேரத்தில் வைப்பது என்பதை ஆஸ்பத்திரிதான் யோசிக்க வேண்டும்.

சரி, இதனால் தூக்கம் என்னவாகிறது? கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், 24 மணி நேரத்தில் மொத்தத் தூக்கம் சிலருக்குக் குறைவதே இல்லை. ஆனால் அதில் பாதி பகலில் போகிறது, எல்லாம் துண்டு துண்டாக. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் வெகுவாகக் குறைந்து, மேலோட்டமான தூக்கம்தான் மிஞ்சுகிறது. மயக்க மருந்து கொடுத்துப் படுத்திருப்பவரைப் பார்த்து நன்றாகத் தூங்குகிறார் என்று நிம்மதி அடைகிறோம். மயக்கம் தூக்கமாகாது. மூளை தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் அதில் இயல்பாக நடப்பதில்லை. தொற்று முற்றியவர்களிடம் மெலடோனினின் ஏற்ற இறக்கமே தட்டையாகிப் போவதையும் பார்த்திருக்கிறார்கள். அதாவது நோயும் கடிகாரத்தைக் கெடுக்கிறது, அறையும் கெடுக்கிறது.

தூங்காத ஆரோக்கியமான மனிதருக்கே கவனம் சிதறும், எரிச்சல் வரும், சில நாள் தொடர்ந்தால் இல்லாததும் தெரியும். டெலிரியத்தின் அடையாளங்களோடு இது நெருங்கி ஒத்துப் போகிறது. ஆனால் தூக்கம் கெட்டதால் டெலிரியம் வந்ததா, டெலிரியம் வந்ததால் தூக்கம் கெட்டதா என்பதை ஆராய்ச்சி உலகம் இன்னும் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்வதுதான் நடைமுறைக்கு உதவும்.

ஜன்னல் வைத்தால் சரியாகிவிடுமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வெளிச்சம் நல்லது என்று தெரிந்ததும் விளக்கு விற்பவர்கள் வந்துவிடுவார்கள்.

1972-ல் வெளியான ஒரு பழைய ஆய்வு, அறுவை சிகிச்சை முடிந்தவர்களை ஜன்னல் உள்ள ஐசியு, ஜன்னல் இல்லாத ஐசியு என்று இரண்டு இடங்களில் ஒப்பிட்டது. ஜன்னல் இல்லாத இடத்தில் 40 சதவீதம் பேருக்கு டெலிரியம், ஜன்னல் உள்ள இடத்தில் 18 சதவீதம். கட்டடம் கட்டுபவர்கள்கூட இதைக் கவனித்தார்கள். ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. நெதர்லாந்தில் ஓர் ஐசியுவில் கூரையில் சிறப்பு விளக்குகள் பொருத்தி, பகலில் 1700 லக்ஸ் வரை நீலம் கலந்த வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார்கள். 734 நோயாளிகள் சேர்ந்த அந்த ஆய்வு 2016-ல் வெளியானது. சிறப்பு விளக்கின் கீழ் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு டெலிரியம், சாதாரண விளக்கின் கீழ் 33 சதவீதம். பயன் இல்லை என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2018-ல் வந்த சர்வதேச ஐசியு வழிகாட்டுதலும் டெலிரியத்தைக் குறைக்கப் பிரகாச விளக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது.

மாத்திரையிலும் இதே கதை. மெலடோனினை இரவில் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2022-ல் வந்தது, டெலிரியம் குறையவில்லை. பிதற்றுகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுத்து வந்த ஹாலோபெரிடால், டெலிரியம் நீடிக்கும் நாட்களைக் குறைப்பதில்லை என்று 2018-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவுக்குத் திமிறினால் டாக்டர் அதைக் கொடுக்கலாம், அது வேறு விஷயம்.

அப்படியானால் பயன் எதில்? பலவற்றைச் சேர்த்துச் செய்வதில். பிரிட்டனில் ஓர் ஐசியுவில் இரவில் விளக்கைத் தணித்து, சத்தத்தைக் குறைத்து, செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றாகக் கட்டி, காது அடைப்பானும் கண் மறைப்பும் கொடுத்து, பகலில் நோயாளிக்கு இடமும் நேரமும் நினைவூட்டினார்கள். டெலிரியம் 33 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இறங்கியது. 2014-ல் வெளியான இது மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தது இல்லை, ஆகவே அந்த எண்ணை அப்படியே எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. பகல் வெளிச்சம், இரவின் இருட்டும் அமைதியும், தேவைக்கு மேல் மயக்க மருந்து இல்லாமை, வலிக்கு மருந்து, சீக்கிரமே எழுப்பி உட்கார வைப்பது, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருப்பது, எல்லாம் ஒன்றாக வேண்டும். வெளிச்சம் அதில் ஒரு கை. நெதர்லாந்து விளக்குகள் தனியாக நின்று தோற்றதற்கும் இதுதான் காரணம் என்பது என் கருத்து. பகலை மட்டும் கூட்டி, இரவை அப்படியே விட்டால் கடிகாரத்துக்கு என்ன தெரியும்?

வேலூர் வெயிலும் ஐசியு திரைச்சீலையும்

நெதர்லாந்தில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அவர்களுக்கு விளக்கு வாங்க வேண்டிய தேவை இருக்கிறது. வேலூர் 13 டிகிரி வட அட்சத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இங்கே டிசம்பரின் மிகச் சிறிய பகல்கூடப் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, ஜூனில் பதின்மூன்றை நெருங்கும். வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரும் இதுதான். அதனால் கட்டடத்தில் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறோம், திரையை இழுத்து மூடுகிறோம், ஏசி போடுகிறோம். வெயிலைத் தடுக்கப் போய் பகலையே தடுத்துவிடுகிறோம்.

மேற்கு ஜன்னலை மதியத்துக்கு மேல் மூடுவதில் தப்பில்லை, மூடத்தான் வேண்டும். கிழக்கு, வடக்கு ஜன்னல்களைக் காலையில் ஏழிலிருந்து பத்து மணி வரை திறந்து வைக்க என்ன தடை? கண்ணாடியைத் திறக்கச் சொல்லவில்லை, தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு அது மூடித்தான் இருக்க வேண்டும், திரையை விலக்கினால் போதும். கட்டிலை ஜன்னல் பார்க்கத் திருப்ப முடிந்தால் இன்னும் நல்லது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலால் கண்ணுக்கு அதிகப் பயன் இல்லை. ராணிப்பேட்டை, குடியாத்தம், திருப்பத்தூர் பக்கம் புதிதாக ஐசியு கட்ட நினைப்பவர்கள் வரைபடத்திலேயே இதை யோசித்துவிட்டால் பிறகு பணம் செலவழித்து விளக்கு மாட்ட வேண்டியதில்லை.

வீட்டார் செய்யக்கூடியவை

உள்ளே போகக் கிடைப்பது பாஸ் வைத்துக்கொண்டு பத்து நிமிடமோ அரை மணியோதான். அந்த நேரத்தை அழுவதில் கழிக்கிறோம், அது இயல்பு. அதிலேயே சில வேலைகள் செய்யலாம். கட்டிலருகே போனதும் பெயர் சொல்லி, முகம் தெரியும்படி நின்று, மெதுவாகச் சொல்லுங்கள்: "நைனா, நான் செல்வி வந்திருக்கேன். நீ வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கே. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, காலைல பத்து மணி. நெஞ்சுல சளின்னு சேர்த்திருக்கோம், குறைஞ்சுட்டு வருது." ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். வெளியே மழையா வெயிலா, வீட்டில் மாடு கன்று போட்டதா என்று சொல்லுங்கள். "நான் யாரு சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம். பூச்சி ஊருகிறது என்றால் இல்லை என்று சண்டை போடவும் வேண்டாம், ஆமாம் என்று கூட ஆடவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தெரியுது, பயப்படாதே, நான் இங்கேயே இருக்கேன்" என்றால் போதும்.

மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் கட்டாயம் கொண்டு போய்க் கொடுங்கள். சேர்க்கும்போது கழற்றிப் பையில் போட்டது அப்படியே லாட்ஜில் கிடக்கும். மங்கலாகத் தெரிகிற கண்ணுக்குக் கூரைத் துளை பூச்சியாகத்தான் தெரியும்.

மொழி இன்னொன்று. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வேலூருக்கு வருகிறவர்கள் ஏராளம். 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒரு சிறிய மருந்தகமாகத் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை வளர்ந்ததிலிருந்து இந்த ஊரே அப்படி ஆகிவிட்டது. கண் விழித்தால் சுற்றிலும் தெரியாத பாஷை, நேரம் தெரியாத வெளிச்சம். நன்றாக இருக்கும் மனிதருக்கே கலக்கம் வரும். அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் தங்கள் பாஷையில் சொல்லும் இரண்டு வார்த்தை அங்கே மருந்துக்குச் சமம் என்பேன். பெரிய எழுத்தில் அவர்கள் மொழியில் தேதியும் இடமும் எழுதிக் கட்டிலருகே ஒட்டலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். ஒரு கடிகாரத்தையும் கண்ணில் படும்படி மாட்டச் சொல்லுங்கள்.

நோயாளியின் வழக்கத்தையும் சொல்லுங்கள். பால் கறக்க நாலு மணிக்கு எழுபவரா, ஆம்பூர் தோல் கம்பெனியில் வருடக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தவரா, பகலில் சாப்பிட்டதும் கண்ணயர்பவரா? பீடி, பான்பராக் உண்டா? வழக்கமாகத் தூக்க மாத்திரை போடுவாரா? இவற்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லலாம். பகலில் அவசியமில்லாமல் கண் மூடிக் கிடந்தால் பேச்சுக் கொடுங்கள். இரவுக்குக் காது அடைப்பானோ கண் மறைப்போ வாங்கித் தரட்டுமா என்று கேளுங்கள், ஆனால் நோயாளி ஒத்துக்கொண்டால்தான். ஏற்கனவே பயந்திருப்பவர் கண்ணைக் கட்டினால் இன்னும் மிரளுவார்.

எல்லாம் செய்தும் டெலிரியம் வரலாம். பிரேசிலில் பல ஐசியுக்களில் வீட்டார் அதிக நேரம் உடனிருக்க அனுமதித்துப் பார்த்த 2019 ஆய்வில் டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. வீட்டாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. அதுவும் சின்ன விஷயம் இல்லை.

வீட்டுக்கு வந்தபின்

டெலிரியத்தை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம், அது சிலரிடம் தடம் விட்டுப் போகிறது. 2013-ல் வெளியான, 821 நோயாளிகளைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், டெலிரியம் எவ்வளவு நாள் நீடித்ததோ அவ்வளவுக்குப் பிறகு நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்திருந்தன. ஒரு வருடம் கழித்தும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மதிப்பெண், தலையில் நடுத்தரக் காயம் பட்டவரின் அளவில் இருந்தது. முதியவர்களிடம் மட்டுமல்ல, இளையவர்களிடமும். மருந்துச் சீட்டு புரியவில்லை, கடைக்கணக்கு தப்புகிறது, பேச்சின் நடுவில் தொலைந்துபோகிறார் என்றால் வயசாச்சு என்று தள்ளாமல் மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஐசியுவில் கண்ட காட்சிகளைச் சிலர் நிஜம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். கேட்கவும் வெட்கப்படுவார்கள். உள்ளே இருந்த நாட்களில் என்ன நடந்தது என்று தேதி போட்டு வீட்டார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், பிறகு உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். எது நடந்தது, எது கனவு என்று அவர் பிரித்துக்கொள்வார்.

வீட்டில் கடிகாரத்தைச் சரி செய்வது எளிது. காலை வெயில் ஏறும் முன் திண்ணையிலோ வாசலிலோ அரை மணி உட்கார வையுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படுக்கை, பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், இரவில் டிவியும் ட்யூப் லைட்டும் வேண்டாம். பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு இருக்கட்டும், விழுந்துவிடக் கூடாது. வீட்டுக்கு வந்து தெளிவாக இருந்தவர் திடீரென்று ஒரே நாளில் மறுபடி குழம்பினால், அல்லது வழக்கத்துக்கு மாறாக அடங்கிப் போய்க் கிடந்தால், தூக்கக் கலக்கம் என்று விடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். புதிதாக வந்த தொற்றின் முதல் அடையாளம் முதியவர்களிடம் காய்ச்சலாக இல்லாமல் இந்தக் குழப்பமாகவே வரலாம்.